எண்ணெய் யாருக்குச் சொந்தம்? பலன் யாருக்கு?

(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)



"பால்மரம் வெட்டுகிற நமக்கும், கடலுக்கடியில் கிடக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களிற் சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் ஜொகூர் மாநிலத்திலேயே, கோத்தா திங்கி மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், பெங்கெராங் என்னும் கடலோரத்தில் நாட்டின் மாபெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்று நிற்கிறது. தோட்டத்தில் வேலை குறையக் குறைய, நம் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் வேலை தேடிப் போகிறார்கள். அது மட்டுமன்று. மண்ணிலிருந்து எடுக்கும் செல்வம் யாருடையது, அதன் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்னும் கேள்வி நமக்குப் புதியதும் அல்ல. நம் பாட்டனும் பாட்டியும் இருட்டோடு எழுந்து வாளி தூக்கிய நாளிலிருந்து நம்மோடு வரும் கேள்வி அது.

ஆகவே, இன்று எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேசுவோம்.

இந்நாட்டில் முதன்முதல் எண்ணெய்க் கிணறு தோண்டி எண்ணெய் கண்டது சரவாக்கில் உள்ள மீரியில், 1910-ஆம் ஆண்டில். தோண்டியது ஷெல் கம்பெனி. பல பத்தாண்டுகள் எண்ணெய் போனது கப்பலில். இலாபம் போனது கடல் கடந்து. பின்னர் திரெங்கானுக் கடலில் எண்ணெய் இருப்பது தெரிந்தது. அங்கும் அந்நியக் கம்பெனிகளே இறங்கின. இந்த நிலை மாற வேண்டும் என்று 1974-இல் துன் அப்துல் ரசாக் தலைமையிலான அரசாங்கம் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 17-இல் பெட்ரோனாஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. தெங்கு ரசாலி ஹம்சா அதன் முதல் தலைவரானார். நாட்டின் நிலத்திலும் கடலிலும் உள்ள பெட்ரோலியம் முழுவதும், அதை எடுக்கும் உரிமையும், அந்த நிறுவனத்துக்கே சொந்தம் என்று சட்டம் எழுதிற்று. அந்நியக் கம்பெனிகள் வேலை செய்யலாம்; ஆனால் ஒப்பந்தக்காரர்களாகத்தான் வேலை செய்யலாம்.

இது நல்ல காரியம். நாட்டின் செல்வம் நாட்டுக்கே என்பதை எந்தத் தொழிலாளியும் எதிர்க்க மாட்டான். நாமும் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. "நாட்டுக்கு" என்றால் நாட்டில் யாருக்கு?

சட்டப்படி கணக்கு இதுதான். எடுக்கப்படும் எண்ணெயின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாநில அரசாங்கத்துக்கு. இன்னோர் ஐந்து பங்கு மத்திய அரசாங்கத்துக்கு. அதற்கு மேல் பெட்ரோலிய வருமான வரி நூற்றுக்கு 38. அதுவும் மத்திய அரசாங்கத்துக்கே. பெட்ரோனாஸ் கொடுக்கும் இலாப ஈவும் மத்திய அரசாங்கத்துக்கே. 2019-ஆம் ஆண்டில் மட்டும் அந்த இலாப ஈவு 5,400 கோடி வெள்ளி. அதில் 3,000 கோடி, பழைய வரிப் பாக்கிகளைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கேட்டு வாங்கிய விசேஷத் தொகை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, சம்பளம் என்று அரசாங்கம் செய்யும் செலவில் எண்ணெய்ப் பணம் கலந்திருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஐந்து பங்கின் கதையைக் கேளுங்கள். 1999 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் திரெங்கானுவில் எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு மாநில அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த உரிமைப்பணம் நிறுத்தப்பட்டது. எண்ணெய் கரைக்கு அப்பால், மாநிலக் கடலெல்லைக்கு வெளியே எடுக்கப்படுகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்குப் பதிலாக 'வாங் எஹ்சான்', அதாவது நல்லெண்ணப் பணம், என்ற பெயரில் மத்திய அரசாங்கமே தன் இலாகாக்கள் மூலம் செலவு செய்தது. மாநிலம் வழக்குப் போட்டது. தோழர்களே, உரிமை என்பது வேறு, நல்லெண்ணம் என்பது வேறு. சம்பளத்துக்கும் தீபாவளி இனாமுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? சம்பளம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இனாம் துரையின் மனத்தில் இருக்கிறது.

சரவாக்கின் கதை வேறு விதம். அம்மாநிலம் 2019 ஜனவரி முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு நூற்றுக்கு ஐந்து விற்பனை வரி விதித்தது. பெட்ரோனாஸ் கட்ட மறுத்தது. 2020 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. அதன்பின் 200 கோடி வெள்ளிக்கு மேல் வந்து சேர்ந்தது. கையில் தாளும், பேசுவதற்குப் பலமும் இருந்தவர்களுக்குப் பங்கு கூடிற்று. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இரண்டு வழக்கும் மாநில அரசாங்கத்துக்கும் மேலே உள்ளவர்களுக்கும் நடந்தவை. எண்ணெய் எடுக்கும் கடலில் வலை வீசுகிறவனுடைய கம்பத்துக்கு இவ்வளவு என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. தலைமடைக்காரர்கள் வாய்க்காலைப் பற்றி வழக்காடுகிறார்கள். கடைமடை வயலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று அவ்வழக்கில் எவரும் கேட்கவில்லை.

இனி நம் ஜொகூருக்கு வருவோம்.

ஐந்து பங்கு எண்ணெய் எடுக்கும் இடத்துக்குத்தான். எண்ணெயைக் காய்ச்சிச் சுத்திகரிக்கும் இடத்துக்கு அல்ல. பெங்கெராங்கில் இருப்பது சுத்திகரிப்பு ஆலை. அங்கே காய்ச்சுவதிலும் பெரும்பகுதி சவூதி அரேபியாவிலிருந்து கப்பலில் வரும் கச்சா எண்ணெய். ஆகவே அந்த ஆலை எத்தனை பீப்பாய் காய்ச்சினாலும் அதற்காக உரிமைப்பணம் என்று ஜொகூருக்கு வராது. நிலவரி வரும், வேலை வரும், வியாபாரம் வரும். புகையும் வரும்.

அத்திட்டம் 2011 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் பெட்ரோனாஸ் முடிவான ஒப்புதல் கொடுத்தது. துணை வசதிகளையும் சேர்த்து 2,700 கோடி அமெரிக்க டாலர் முதலீடு. நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பீப்பாய் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை. 2018-இல் சவூதி அராம்கோ நிறுவனம் அந்தச் சுத்திகரிப்பு ஆலையில் சரிபாதிப் பங்குக்கு உடைமையாளர் ஆயிற்று. ஆக, அந்த ஆலையின் உடைமையில் ஒரு பாதி கோலாலம்பூரில், மறு பாதி அரபு நாட்டில்.

சரி, அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள்? மலாய் மீனவர்களும், சீன மீனவர்களும், சிறு தோட்டக்காரர்களும், கடைக்காரர்களும் இருந்தார்கள். சுங்கை ரெங்கிட் பக்கம் சிங்கி இறாலுக்குப் பேர்போன இடம். ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அந்த ஆலைத் தொகுதிக்காக எடுக்கப்பட்டது. கம்பங்கள் பெயர்க்கப்பட்டன. இரு சாராரின் இடுகாடுகளும் தோண்டப்பட்டு வேறிடம் கொண்டுபோகப்பட்டன. 2012 செப்டம்பர் 30-இல் மக்கள் பெருந்திரளாய்க் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். திட்டம் நிற்கவில்லை.

பெயர்க்கப்பட்டவர்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. புதிய குடியிருப்புக் கட்டப்பட்டது. இழப்பீடு கொடுக்கப்பட்டது. ஆனால் இழப்பீடு எதன்பேரில் கணக்கிடப்படுகிறது? 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, நிலத்தில் சட்டபூர்வமான உரிமை உள்ளவருக்கே இழப்பீடு. அச்சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபின், பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் என்று மாநில ஆட்சி கருதினால், கம்பெனிக்காகவும் நிலத்தை எடுக்கலாம். பட்டா வைத்திருந்தவனுக்கு மதிப்புக் கிடைத்தது. பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாய்க் குடியிருந்தவன், அதிகாரிகளின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியவனானான். மீனவனின் கதி இன்னும் கஷ்டம். அவன் பிழைத்தது கடலில். கடலுக்குப் பட்டா ஏது? வீட்டுக்கு விலை போட்டார்கள். நாளும் கிடைத்த மீனுக்கு அந்தச் சட்டத்தில் விலை போட இடமில்லை.

ஆலைக்குள் நடப்பதும் நம் கவனத்துக்குரியது. 2019 ஏப்ரலில் அங்கே வெடிப்பு நேர்ந்தது. 2020 மார்ச் 15 இரவில் மறுபடியும் வெடித்துத் தீப்பிடித்ததில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். அந்த ஐந்து குடும்பங்களின் நஷ்டத்தையும் சேர்த்துத்தான் எண்ணெயின் பலனைக் கணக்கிட வேண்டும்.

தோழர்களே, பெங்கெராங் மக்களின் கதையைக் கேட்கும்போது உங்களுக்கு ஏதோ நினைவு வருகிறது அல்லவா? அது நம் கதையும்தான்.

கொரியா யுத்த காலத்தில், 1951-இல், ரப்பர் விலை இராத்தலுக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் ஏறிற்று. மலாயா ரப்பர் ஈட்டிய டாலரால் பிரிட்டனின் கஜானா நிமிர்ந்து நின்றது. அந்தப் பாலை எடுத்தவன் லயத்தில்தான் இருந்தான். பிறகு சுதந்திரம் வந்தது. 1981 செப்டம்பர் 7-ஆம் நாள், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள், தேசிய முதலீட்டு நிறுவனமான பிஎன்பி, குத்ரி கம்பெனியைக் கைப்பற்றியது. ஜொகூரிலும் தோட்டங்கள் கொண்டிருந்த பிரிட்டிஷ் கம்பெனி அது. நாடே மகிழ்ந்தது. மகிழ்ச்சி நியாயமானது. துரைமார் போனார்கள், நம் நாட்டு மானேஜர்கள் வந்தார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆனால் விடியற்காலைப் பிரட்டு அப்படியே இருந்தது. லயத்து வீடு கம்பெனியின் வீடாகவே இருந்தது. உடைமையாளரின் தேசம் மாறினால் தொழிலாளியின் நிலை தானாக மாறிவிடாது என்பதற்கு நாமே சாட்சி. இதை ஒரு கம்பெனியைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. உடைமை வேறு, பலன் வேறு என்று காட்டுவதற்காகச் சொல்கிறோம்.

இப்போது தோட்டம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்படும் காலம். ஜொகூர் பாரு, கூலாய், செனாய் வட்டாரத்தில் நாம் கண்ணால் காண்பது இது. ஏக்கர் கணக்கில் விற்ற நிலம் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அந்த நிலத்தைக் காடு வெட்டித் திருத்திய குடும்பத்துக்கு என்ன? 1980-ஆம் ஆண்டின் வேலைநீக்க விதிகளைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். ஐந்து ஆண்டு வரை பதினைந்து நாள். ஐந்துக்கு மேல் இருபது நாள். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம், அவ்வளவே. நிலத்தின் விலை பத்து மடங்கு ஏறினாலும் இந்தக் கணக்கில் ஒரு காசு ஏறாது. சம்பளத்துக்குப் பங்கு உண்டு. மண்ணுக்குப் பங்கு இல்லை. கடலில் மீனவன் நின்ற இடமும், தோட்டத்தில் நாம் நின்ற இடமும் ஒன்றே. உழைப்பு அங்கே இருக்கிறது. தாளில் பெயர் இல்லை.

"உலகமெங்கும் இப்படித்தான்" என்று சிலர் நம்மைச் சமாதானப்படுத்த வருவார்கள். அது உண்மையல்ல.

நோர்வே தேசத்தில் 1969-இல் பெருவாரியாக எண்ணெய் கண்டார்கள். 1990-இல் சட்டம் செய்து, எண்ணெய் வருமானத்தை எதிர்காலச் சந்ததிக்கென்று தனி நிதியில் சேர்த்தார்கள். இன்று அது உலகத்தின் மாபெரும் நிதிகளுள் ஒன்று. அதன் முதலீடுகளையும் வரவு செலவையும் எவரும் பார்க்கலாம். அதைவிட நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எண்ணெய் வேலையால் மீன்பிடிக்கும் இடம் பறிபோனால் மீனவனுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய பெட்ரோலியச் சட்டத்திலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கடலுக்குப் பட்டா அங்கும் இல்லை. ஆயினும் பிழைப்பையும் உரிமையாக எழுத முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 1976-இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எண்ணெய் உரிமைப்பணத்தில் நாலில் ஒரு பங்காவது நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்று வைத்தது. 1982 முதல் அம்மாநிலவாசி ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் உட்பட, ஆண்டுதோறும் அந்த நிதியிலிருந்து பணம் வருகிறது. தொகை ஏறும், இறங்கும். ஆனால் அது எந்த மந்திரியின் இனாமும் அல்ல.

மறுபக்கம் நைஜீரியாவைப் பாருங்கள். அங்கே எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு நூற்றுக்குப் பதின்மூன்றுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. நம் ஐந்தைவிட இரண்டரை மடங்கு! ஆனால் ஒகோனி மக்களின் ஆறும் கிணறும் எண்ணெய் படிந்து கெட்டுக் கிடப்பதை 2011-இல் ஐக்கிய நாட்டுச் சபையின் சுற்றுச்சூழல் நிறுவனம் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்த மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவும், உடனிருந்த எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10-இல் இராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார்கள். ஆகவே, மாநிலத்துக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சண்டையிட்டால் போதாது. அந்தப் பங்கு எந்த வழியாகக் கம்பத்துக்கும் லயத்துக்கும் போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் எதிர்காலத்துக்கென்று 1988-இல் தேசிய அறநிதி ஒன்று தொடங்கப்பட்டது. பெட்ரோனாஸ் அதில் பணம் செலுத்தி வந்திருக்கிறது. கொவிட் காலத்தில், 2021-இல், தடுப்பூசி வாங்க அதிலிருந்து எடுக்க அவசரகாலச் சட்டம் வழிவிட்டது. நல்ல காரியத்துக்குத்தான் எடுத்தார்கள். ஆனால் அப்படியொரு நிதி இருப்பதே அந்தச் செய்தி வந்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. சொந்தக்காரனுக்கே தெரியாத சொத்து, எப்படி அவன் சொத்தாகும்?

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது என்ன?

முதலாவது, கணக்கு. எண்ணெயில் வந்தது எவ்வளவு, மாநிலத்துக்குப் போனது எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதைச் சாதாரணத் தொழிலாளி படித்துத் தெரிந்துகொள்ளும்படி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு என்று போராடியவர்கள் நாம். நாட்டின் தராசு முள்ளையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிழைப்பின் மதிப்பு. நிலம் எடுக்கப்படும்போது பட்டாவுக்கு மட்டும் அல்ல, அந்த இடத்தை நம்பிப் பிழைத்த காலத்துக்கும் விலை போட வேண்டும். இது மீனவனுக்கும் பொருந்தும். தோட்டம் விற்கப்படும்போது நமக்கும் பொருந்தும். விற்கும் நிலத்தில் ஒரு பகுதியைத் தொழிலாளியின் சொந்த வீட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை. அது பிச்சையல்ல, பங்கு.

மூன்றாவது, தொழில். ஆலை கட்டும்போது பல்லாயிரம் பேருக்கு வேலை. கட்டி முடிந்தபின் ஓட்டுவதற்குச் சில ஆயிரம் பேர் போதும். அந்த வேலைகளும் பயிற்சி பெற்றவர்களுக்கே. வெல்டிங், குழாய் பொருத்துதல், மின்சாரம், கருவி பழுதுபார்த்தல் ஆகியவற்றில் பெயர்க்கப்பட்ட கம்பத்துப் பிள்ளைகளுக்கும், வேலையிழந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி இடம் ஒதுக்க வேண்டும். குத்தகைக்காரரிடம் வேலை செய்வோருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கும் அதே பாதுகாப்பும் சங்க உரிமையும் வேண்டும். நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவற்றை மலாய் மீனவனும் சீன மீனவனும் கேட்கும்போது நாம் அவர்களோடு நிற்க வேண்டும். நாம் கேட்கும்போது அவர்களும் நம்மோடு நிற்பார்கள். எண்ணெய்க்கு இனமில்லை, அது எடுத்துக்கொள்ளும் நிலத்துக்கும் இனமில்லை.

கடைசியாக ஒரு காரியம். பெங்கெராங்கிலும் சரவாக்கிலும் நாம் கண்ட பாடம், தாள் உள்ளவன் பேச்சுக்கே அம்பலத்தில் மதிப்பு என்பதாகும். நாளைக்கே உங்கள் தோட்டம் கைமாறலாம். அப்போது, "எத்தனை ஆண்டு வேலை செய்தாய்?" என்று கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, வேலையில் சேர்ந்த கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், லயத்து வீட்டு எண் ஆகிய எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அவற்றின் நகலைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். எந்தக் குடும்பம் எந்த ஆண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தது என்று ஒரு பதிவேடு எழுதத் தொடங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் வயதானவர்களிடம் கேட்டு எழுதட்டும்.

நமக்குப் பட்டா இல்லாமலிருக்கலாம். ஆனால் நாம் இங்கே உழைத்தோம் என்பதற்குச் சாட்சி இல்லாமற் போகக்கூடாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தோடு வாருங்கள்.